பெட்டிக்குத் திரும்பிய ரோஸ் கட்டைகள்

எஸ்.எஸ். காலனியில் இரண்டாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஹரிநாராயணன், சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். காலண்டர் மாட்டக் கேட்டார், சரி என்றார்கள். கூடத்துக்கு இளமஞ்சள் அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார், கூடாது என்றார்கள். கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டு, மார்க் போதாமல் பி.காம். முடித்து, காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருபது வருஷத்தைக் கழித்தவர். அப்படிப்பட்ட மனிதர் கையில் ஓர் ஊரையே கட்டுகிற அதிகாரம் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன பழைய லேப்டாப்பைச் சரிபார்க்க, அவனியாபுரத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிவபாண்டியிடம் கொண்டுபோனார். கடையில் ஒரு திரையில் ஊர் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. சதுரம் சதுரமான கட்டைகளை அடுக்கிக் கட்டுகிற விளையாட்டு. அவரவர் இருந்த இடத்தில் இருந்தபடியே, செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ, ஒரே நிலத்தில் எல்லாரும் சேர்ந்து கட்டலாம். பாறையை உடைத்தால் கல் கிடைக்கும், மரத்தை வெட்டினால் பலகை கிடைக்கும். சிவபாண்டி தன் கடைக் கம்ப்யூட்டரில் வைத்து நடத்திய நிலத்தில் பதினொரு பேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு லட்சணம்.

"தெருவே இல்லாம என்னப்பா ஊர் இது?" என்றார் ஹரிநாராயணன்.

"நீங்க போட்டுக் குடுங்களேன் சார்" என்றான் சிவபாண்டி. வந்தவரைச் சிரிக்க வைக்கச் சொன்ன வார்த்தை. மனிதர் அதை நியமன உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்தில் அந்த நிலத்தின் நடுவே தெப்பக்குளம் ஒன்று வந்தது. அதைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக நாலு வீதிகள் வந்தன. கல் தூண் வைத்த கடைகள், ஓட்டுக் கூரைகள். சுவர்களுக்குக் கோயில் மதிலில் இருக்கிற மாதிரி வெள்ளையும் காவியுமாக நெட்டுக்குத்தாகப் பட்டை. மதுரை என்றால் அதுதானே என்பது அவர் கட்சி. தெருவுக்குத் தெரிகிற எந்தச் சுவரிலும் இந்தப் பட்டையைத் தவிர வேறு நிறம் கூடாது என்று குளக்கரையில் ஒரு பலகையும் நட்டுவிட்டார். மற்றவர்கள் ஒருவரையொருவர் அண்ணே, மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். இவர் ஒருவர் மட்டும் 'சார்'. அந்த 'சார்' அவருக்கு இனித்தது, மறைப்பானேன்?

ஊரில் அவர் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம் ஒன்று உண்டு. பொதுப்பெட்டிகள் வரிசையாக இருக்கும், இப்போது குளக்கரையில். தோண்டியெடுத்த கல், மணல், மரம், கண்ணாடி எதுவானாலும் அதில் போட வேண்டும். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. பெட்டியில் கிடப்பது எல்லாருக்கும் சொந்தம். கட்டிய வீடு மட்டும் கட்டினவனுக்குச் சொந்தம், அதில் ஒரு கட்டையை இன்னொருவன் தொடக் கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம் இது. எழுதி வைக்காததாலோ என்னவோ, அதை எல்லாரும் மதித்தார்கள்.

அந்தப் பெட்டிகளில் பாதிக்கு மேல் நிரப்பியவன் மருது. திருவாதவூர்க்காரன். பொக்லைன் ஓட்டுகிறவன். அப்பா, தாத்தா எல்லாரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர்கள். இவன் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். டிப்பர் லாரி வந்து சேரும்வரை வண்டி நிழலில் காத்திருக்கிற நேரமெல்லாம் செல்போனை எடுத்து, அதிலும் மண்ணைத்தான் தோண்டுவான்.

"என்ன மாப்ள, அங்கயும் தோண்டுறே, இங்கயும் தோண்டுறே?" என்று மற்றவர்கள் கேலி செய்தால், "இங்க டீசல் செலவு இல்லைல்ல" என்பான்.

ஹரிநாராயணனுக்கு ஒரு நாள் மண்டபத்துக்குக் கல் போதவில்லை என்றால், மறுநாள் காலையில் பெட்டி பிதுங்கிக் கிடக்கும். காவிக் கட்டை வேண்டுமென்றால் களிமண்ணைத் தேடிப் போய்ச் சுட்டுக் கொண்டுவந்து போட்டிருப்பான். "எம்புட்டு வேணும்னு சொல்லுங்க சார், அம்புட்டும் கொண்டாறேன்" என்பான். இரண்டு வருஷமாக அவன் தனக்கென்று ஒரு குடிசைகூடக் கட்டவில்லை. 'நீயும் ஏதாவது கட்டேன் மருது' என்று ஹரிநாராயணனும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவனுக்குக் கடைக்காரன் ஞாபகம் எங்கே வரப்போகிறது?

போன மாசி மாதம் மருது கட்ட ஆரம்பித்தான். நாலாம் வீதியின் வடகிழக்கு மூலையில், காலி இடத்தில்.

ஹரிநாராயணன் போய்ப் பார்த்தார். வீடு முழுக்க ரோஸ். ஓரங்களிலும் ஜன்னல் மேல் சன்ஷேடிலும் கிளிப்பச்சை. அந்த நிறங்களும் சும்மா வருவதில்லை. பூவைப் பறித்துச் சாயம் எடுத்து, மணலும் ஜல்லியும் கலந்து, தண்ணீரில் நனைத்து இறுக வைக்க வேண்டும். அத்தனை கட்டைக்கும் அவன் அதைச் செய்திருந்தான். நிறத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், அளவைப் பொறுக்க முடியவில்லை. மற்ற வீடுகளுக்கெல்லாம் கதவு இரண்டு கட்டை உயரம். இவன் வீட்டுக் கதவு ஏழு கட்டை! கூரை பத்துக் கட்டைக்கு மேலே. உள்ளே ஓர் ஆள் நின்றால் கொட்டகையில் மாட்டிக்கொண்ட கோழிக்குஞ்சு மாதிரி தெரிந்தது.

"யானை கட்டவா மருது?" என்று ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள். மருதுவும் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டான். ஒரு விளக்கமும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

சித்திரைத் திருவிழா வருவதற்குள் ஊரை வீடியோ எடுத்து இணையத்தில் போடுவதாகச் சிவபாண்டி ஏற்பாடு செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் படப்பிடிப்பு. குளத்தில் தொடங்கி, நாலு வீதியும் சுற்றி, வடகிழக்கு மூலையில் திரும்பித்தான் வர வேண்டும். அந்த மூலையில்தான் ரோஸ் கலர் யானைக் கொட்டகை.

சனிக்கிழமை காலை மருது வேலைக்குப் போயிருப்பான் என்று தெரிந்த நேரத்தில் ஹரிநாராயணன் உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டையாகப் பெயர்த்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. திருடன் மாதிரி அள்ளிக்கொண்டு ஓடவில்லை, அவர் ஒழுங்கான மனிதர் ஆயிற்றே! ரோஸைத் தனியாக, பச்சையைத் தனியாக, கண்ணாடியைத் தனியாகப் பொதுப்பெட்டியில் அழகாக அடுக்கி வைத்தார். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், இதில் என்ன தப்பு என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். பிறகு அந்த இடத்தில் வெள்ளையும் காவியுமாக ஒரு மதிலை எழுப்பினார். அந்தக் கட்டைகளும் மருது கொண்டுவந்து போட்டவைதான்.

வீடியோ நன்றாக வந்தது. 'ஊரைக் கட்டியவர்: ஹரிநாராயணன்' என்று முடிவில் பெயர் ஓடியது. அலுவலகத்தில் கைகொடுத்தார்கள். மனைவி பிரியம்வதா, "நம்மாத்துச் சுவரைத் தவிர எல்லாச் சுவருக்கும் பெயின்ட் அடிச்சுட்டேள்" என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மருது குழுவில் எழுதியிருந்தான். "சார், என் வீட்டக் காணோமே."

ஹரிநாராயணன் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். நான்தான் எடுத்தேன், பட்டைக்கு ஒத்து வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் பதினொரு பேரும் கேட்பார்கள். கட்டின வீட்டில் கை வைத்தவர் என்று பெயர் வரும். 'சார்' போய்விடும். அந்த விளையாட்டில் வெடிபூதம் என்று ஒன்று உண்டு. பச்சையாக இருக்கும், சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து வெடிக்கும், சுற்றியிருப்பதெல்லாம் சிதறிப்போகும்.

"வெடிபூதம் வந்து வெடிச்சிருக்கும் போல மருது. நான் பார்க்கறப்பவே பள்ளமா இருந்தது. அதான் மூடி மதில் வச்சேன்" என்று எழுதினார்.

ஒரு நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. "சரி சார்."

அவ்வளவுதான். மறுநாள் பெட்டி வழக்கம்போல நிரம்பியிருந்தது. கல், மணல், சுட்ட காவிக் கட்டை. ரோஸ் கட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அவற்றை மருது எடுக்கவே இல்லை. வேறு யாரும்கூட எடுக்கவில்லை, அந்த ஊரில் அதற்கு எங்கே இடம்?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஹரிநாராயணனுக்கு அது கல் எடுக்கப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் குறுகுறுத்தது. கண்ணில் படாமலிருக்க அந்தக் கட்டைகளை மூலைப் பெட்டிக்கு மாற்றிப் பார்த்தார். மாற்றிய பிறகு அந்த மூலைப் பெட்டியும் உறுத்தியது. பெரிய குற்றமா என்ன, வெறும் விளையாட்டுக் கட்டைதானே என்று தேற்றிக்கொள்வார். வெறும் விளையாட்டுக் கட்டை என்றால் பொய் எதற்குச் சொன்னாய் என்று மனசு திருப்பிக் கேட்கும்.

ஆடி மாதம் மகளின் லேப்டாப் மறுபடி மக்கர் பண்ணியது. சிவபாண்டி அதைக் கழற்றிக்கொண்டே பேச்சு வாக்கில் சொன்னான்.

"மருது வீடு முடியப்போகுது சார். ஆவணியில பால் காய்ச்சுறான். கவர்மெண்டு வீடு வந்துச்சுல்ல, அதோட கைக்காசும் போட்டுக் கட்டிட்டான். பாவம், பிளானு மட்டும் அந்தப் பூதத்தால போச்சு."

"எந்தப் பிளான்?"

"அட, நாலாம் வீதியில ரோஸ் கலர்ல கட்டியிருந்தானே சார், அது அவன் வீட்டுப் பிளானு. ஒரு கட்டைக்கு ஒரு அடின்னு கணக்குப் போட்டுக் கட்டியிருந்தான். இருபத்தினாலுக்குப் பதினாறு. காகிதத்துல கோடு போட்டா அவன் பொண்டாட்டி பாண்டியம்மாளுக்குப் புரியல. அதான் போன்ல கட்டி, இங்கன அடுப்படி, இங்கன ஜன்னல்னு உள்ளாறயே நடந்து காட்டினான். அந்தப் புள்ள சொல்லச் சொல்ல மாத்தி மாத்தி வச்சிருக்கான். அந்த ஞாயித்துக்கெழம கொத்தனாரும் மச்சான்மாரும் வந்து உக்காந்திருக்காங்க, பந்தாவாப் போனத் தொறந்திருக்கான், வெறும் மதிலு நிக்கிது. 'வீடு பறந்து போச்சாடா'ன்னு கொத்தனாரு சிரிச்சுப்புட்டாராம்."

ஏழு கட்டைக் கதவு. ஏழடிக் கதவு. யானைக்கு இல்லை, பாண்டியம்மாளுக்கு. ஹரிநாராயணனுக்கு இப்போதுதான் கணக்கு புரிந்தது. கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டவன், ஒருத்தன் ஓர் அடிக்கு ஒரு கட்டை வைத்துக் கட்டிய அளவுப் படத்தைப் பார்த்துவிட்டு, யானைக் கொட்டகை என்று சிரித்திருக்கிறான். இதில் மார்க் போதாமல் போனதற்கு முப்பது வருஷமாக விதியைத் திட்டிக்கொண்டு வேறு இருக்கிறான்.

"என்ன சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டான் சிவபாண்டி.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சத்தம் போடாமல் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, மதிலை இடித்துவிட்டு, மூலைப் பெட்டியிலிருந்து ரோஸ் கட்டைகளை எடுத்தார். இருபத்தினாலுக்குப் பதினாறு. நாலு பக்கமும் ஒரு வரிசை வைத்தார். கதவு தெரு பார்த்து, சரி. தெருச் சுவரில் எந்தப் பக்கம்? நடுவிலா, இடது ஓரத்திலா? அடுப்படி எங்கே? அவள் மாற்றி மாற்றி வைக்கச் சொன்ன ஜன்னல் எந்தச் சுவரில்? குளத்தைச் சுற்றியிருந்த நூற்றெட்டுத் தூண்களில் எந்தத் தூணில் எந்தக் கல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். ஒன்றரை மணி நேரம் தன் கையாலேயே கட்டை கட்டையாகப் பெயர்த்த வீட்டில் ஜன்னல் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. எத்தனை கட்டை என்று தெரியும். வீட்டை அவர் பார்க்கவே இல்லை.

"என்ன ஆச்சு, முகமே சரியில்லையே?" என்று பிரியம்வதா வந்து நின்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"நமக்கு ஓர் ஆணி அடிக்க விடலைன்னு எத்தனை வருஷமாப் புலம்பறேள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஆவணியில் அழைப்பு வந்தது. மருது போன் போட்டே சொன்னான், "சார் நீங்க கண்டிப்பா வரணும். நீங்கதான் முக்கியமா வரணும்." வெள்ளிக்கிழமை காலை ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, ஒத்தக்கடை வழியாக ஸ்கூட்டரை விட்டார். இன்று சொல்லிவிடுவது, என்ன ஆனாலும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனார்.

திருவாதவூர் தெருவில் வழி கேட்டபோது டீக்கடையில் இருந்தவர் கையை நீட்டி, "நேராப் போங்க, கோயில் மாதிரி ஒரு வீடு நிக்கும். அதான் மருது வீடு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வீடு தெரிந்தது. ஹரிநாராயணன் வண்டியை நிறுத்தினார்.

வெள்ளையும் காவியும். கூரையிலிருந்து தரைவரை நெட்டுக்குத்தாகப் பட்டை பட்டையாக, கோயில் மதில் மாதிரி. சுற்றியிருந்த வீடுகளெல்லாம் மஞ்சளும் நீலமும் ஊதாவுமாக இருக்க, இது ஒன்று மட்டும் அவருடைய நாலாம் வீதியிலிருந்து பெயர்ந்து வந்து நின்றது. அந்த வழியாகப் போன வெளியூர்க்காரர் ஒருவர் வாசலில் மாவிலைத் தோரணத்தைப் பார்த்துவிட்டு, நடையை நிறுத்தாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். பந்தலுக்குள் இருந்த மச்சான்மார் அதைப் பார்த்துவிட்டு, "மருது, உண்டியலு எப்பய்யா வைக்கிற?" என்று கத்தினார்கள்.

மருது ஓடி வந்தான். புது வேட்டி, நெற்றியில் சந்தனம். "வாங்க சார், வாங்க. எப்படி இருக்கு? பட்டை அகலமெல்லாம் நீங்க போட்ட கணக்குத்தான் சார், வீடியோவ நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்து அளந்தேன். பெயிண்டருக்குத்தான் தாவு தீந்துபோச்சு."

"மருது, ஒரு நிமிஷம்" என்று அவனைப் பந்தல்காலுக்கு இந்தப் பக்கம் அழைத்து வந்தார். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அன்னிக்கு உன் வீடு... பூதம் வெடிக்கலை. நான்தான் எடுத்தேன். எடுத்துட்டுப் பொய் சொன்னேன். அது உன் பிளான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் எடுத்திருப்பேனோ என்னவோ. என்னை மன்னிச்சுக்கோப்பா."

மருது சங்கடப்பட்டு அங்கே இங்கே பார்த்தான். தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் அவன்தான் போல இருந்தது.

"அது அன்னைக்கே தெரியும் சார். பூதம் வெடிச்சா கட்டை பெட்டிக்குள்ளயா வந்து விழுகும்? ரோஸு தனி, பச்சை தனின்னு அடுக்கி வேற இருந்துச்சு. நம்ம ஊர்ல அப்படி அடுக்குறது நீங்க ஒரு ஆளுதான்."

"அப்ப ஏன் கேக்கலை?"

"இதுல கேக்க என்ன சார் இருக்கு? நல்லா இருந்தா எடுத்திருப்பீங்களா? எனக்கு மண்ணு தோண்டத் தெரியும், கலரப் பத்தி என்ன தெரியும்? போன்ல கட்டினதே அசிங்கமா இருந்தா, நெசத்துல கட்டினா ஊரு சிரிக்கும்ல. நல்லவேளை சார், முன்னாடியே காட்டிக் குடுத்தீங்க."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். சட்டையைப் பிடித்திருந்தால்கூடச் சரி என்று நின்றிருப்பார். நன்றி சொல்கிறவனிடம் என்ன செய்வது? "அது அசிங்கமா இல்லை மருது" என்றார். அது மருதுவின் காதில் விழவில்லை. மச்சான் ஒருவர் கூப்பிட, "இந்தா வாரேன்" என்று அவன் இலை போடுகிற பக்கம் ஓடிவிட்டான். "பாண்டியம்மா, சாருக்கு வீட்டச் சுத்திக் காட்டு" என்று போகிறபோக்கில் குரல் கொடுத்துவிட்டுப் போனான்.

பாண்டியம்மாள் பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். அவர் ஏழடிக் கதவைத் தாண்டி உள்ளே போனார். கதவு தெருச் சுவரின் இடது ஓரத்தில் இருந்தது. கூடம், ஓர் அறை, இரண்டும் வெள்ளை. எல்லாவற்றையும் இந்தத் தடவை உற்றுப் பார்த்தார். கடைசியாக அவள் பின்பக்கத்து அடுப்படிக் கதவைத் திறந்தாள்.

நாலு சுவரும் ரோஸ். சுத்தமான, பளீரென்ற ரோஸ். ஜன்னலைச் சுற்றிக் கிளிப்பச்சையில் ஒரு பட்டி. கிழக்குச் சுவரில் இருந்தது ஜன்னல். காலை வெயில் அதன் வழியாக விழுந்து, பால் பொங்கிய அடுப்பும், அடுக்கிய பாத்திரமும், அவள் முகமும் எல்லாமே ரோஸாக இருந்தன. இதைவிட அழகான ஓர் அறையை அவர் அந்த நாலு வீதியிலும் கட்டியதில்லை. அது அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

அவர் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கதவைப் பாதி சாத்தியபடி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எனக்கு இந்தக் கலருன்னா ரொம்ப ஆசைங்க சார். அவரு வேணாம்னுதான் சொன்னாரு, நாந்தான் அடம் பிடிச்சேன். இது தெருவுல தெரியாதுல்ல சார், இருந்துட்டுப் போகட்டுங்களா?"